தன் பிழையைத் தானே அறிவிக்கும் தரையிறக்க வழிகாட்டி: கிளிநொச்சியில் நடந்த ஒரு மாணவர் ஆய்வின் பதிவு

பின்னணி

2018 டிசம்பரில் பெய்த பெருமழையில், இலங்கையின் வடபகுதியில் உள்ள இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலக் கிராமங்கள் பல நீரில் மூழ்கின. அந்த வெள்ளத்தை நேரில் கண்ட பிள்ளைகளில் சிலர், ஐந்து ஆண்டுகள் கழித்து, கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் இறுதியாண்டு மாணவர்களாக இருந்தார்கள். மாரிகாலத்தில் வீதி துண்டிக்கப்படும் கிராமங்களில் இருந்து இரத்த மாதிரிகளையும், அங்கே தேவைப்படும் மருந்துகளையும் சிறிய ஆளில்லா விமானத்தில் கொண்டுசெல்ல முடியுமா என்பதே அவர்கள் 2023இல் எடுத்துக்கொண்ட கேள்வி.

மழையில் பறப்பதற்கு நீர்புகா மோட்டாரும் நல்ல மின்கலமும் போதும் என்றும், கடினமானது இறங்குவதுதான் என்றும் அவர்களின் மேற்பார்வை விரிவுரையாளர் தொடக்கத்திலேயே சொன்னார். கெட்ட வானிலையில் இறங்குவது பற்றி மிக அதிகமாகச் சிந்தித்தவர்களும் செலவிட்டவர்களும் உலகின் விமானப்படைகளே என்பதால், வேலை தொடங்கும் முன் இராணுவ விமானங்களுக்கான துல்லியத் தரையிறக்க முறைகளைப் படித்துவரும்படி அவர் கேட்டுக்கொண்டார். அக்குழுவுக்கு மின்னணுவியல் பகுதியில் ஆலோசனை வழங்கியவன் என்ற நிலையில் நான் கண்டவற்றையும், அவர்களின் பதிவேட்டில் உள்ளவற்றையும் இங்கே வரிசைப்படி தருகிறேன்.

இராணுவ முறைகளில் இருந்து எடுத்துக்கொண்டவை

முதலில் அவர்கள் படித்தது, உலகெங்கும் பொது விமான நிலையங்களிலும் விமானப்படைத் தளங்களிலும் உள்ள ஐ.எல்.எஸ். எனப்படும் கருவிவழித் தரையிறக்க முறையை. ஓடுபாதையின் மையக்கோட்டைக் காட்டும் கதிர் 108 முதல் 112 மெகாஹேர்ட்ஸ் வரையிலான மீடிறனிலும், இறங்கும் சரிவைக் காட்டும் கதிர் 329 முதல் 335 மெகாஹேர்ட்ஸ் வரையிலான மீடிறனிலும் அனுப்பப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 90 ஹேர்ட்ஸ், 150 ஹேர்ட்ஸ் என இரண்டு தொனிகள் ஏற்றப்பட்டிருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் விமானம் சரியான பாதையில் உள்ளது என்று பொருள். வழக்கமான சரிவு 3 பாகை. அதாவது இறங்கும் புள்ளியில் இருந்து ஒரு கிலோமீற்றர் தொலைவில் விமானம் ஏறத்தாழ 52 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். இம்முறையின் அடிப்படை வகையான முதலாம் வகைத் தரையிறக்கத்தில், 200 அடி உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் விமானி மீண்டும் மேலெழ வேண்டும்.

இம்முறைக்குத் தட்டையான நீண்ட நிலமும் நிலையான கட்டுமானமும் தேவை. சரிவுக் கதிர் பெரும்பாலும் அன்டெனாவுக்கு முன்னுள்ள நிலத்தில் பட்டுத் தெறித்தே உருவாகிறது. அவசரமாக அமைக்கப்பட்ட களத்து ஓடுபாதைக்கும், கடலில் ஆடும் கப்பல் தளத்துக்கும் அது பொருந்தாது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கதிர்வீச்சு ஆய்வுகூடத்தில் லூயிஸ் அல்வாரெஸ் என்ற இயற்பியலாளரின் முன்முயற்சியால் உருவான தரைவழிகாட்டல் முறையே இந்த மாணவர்களை அதிகம் ஈர்த்தது. ஒரு ராடர் இடவலமாகவும் இன்னொன்று மேல்கீழாகவும் விமானத்தைத் தேடும். திரையைப் பார்க்கும் கட்டுப்பாட்டாளர் வானொலியில் பேசியே விமானியை இறக்குவார். விமானத்தில் பேசும் வானொலி இருந்தாலே போதும். 1948, 1949ஆம் ஆண்டுகளில் பெர்லின் நகருக்கு உணவும் நிலக்கரியும் கொண்டுசென்ற விமானங்கள் குளிர்காலப் பனிமூட்டத்தில் இம்முறையால்தான் தொடர்ந்து இறங்க முடிந்தது. மழைத்துளிகள் ராடர் திரையை மறைக்கும் சிக்கலுக்கும் அழகான தீர்வு ஒன்றைக் கண்டார்கள். சுழன்று செல்லும் அலையை அனுப்பினால், ஏறத்தாழ உருண்டையான துளி அதை எதிர்த்திசைச் சுழற்சியில் திருப்பி அனுப்பும். எதிர்த்திசைச் சுழற்சியை ராடரின் வாங்கிக் கருவி ஏற்காதபடி செய்துவிடலாம். ஒழுங்கற்ற வடிவமுள்ள விமானத்தில் இருந்து இரண்டு வகைச் சுழற்சிகளும் திரும்பி வருவதால் அது மட்டும் திரையில் எஞ்சும்.

இம்முறையில் இன்னொரு விதியும் உண்டு. இறுதி இறக்கத்தில் கட்டுப்பாட்டாளரின் குரல் ஐந்து விநாடிகளுக்குக் கேட்காவிட்டால், விமானி காரணம் தேடாமல் மேலெழ வேண்டும். இந்த விதி பிறகு எங்கள் குழுவின் வடிவமைப்பையே மாற்றியது.

மூன்றாவதாக, அமெரிக்கக் கடற்படையின் ஜே.பி.ஏ.எல்.எஸ். என்ற செய்மதிவழி முறையைப் படித்தார்கள். கப்பலும் விமானமும் ஒரே ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞைகளைப் பெற்று, அவற்றை ஒப்பிட்டு, ஒன்றுக்கு மற்றது எங்கே உள்ளது என்று கணிக்கின்றன. எஃப்-35 விமானங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. மறைகுறியிடப்பட்ட இணைப்பும் இடையூறுகளைத் தாங்கும் வலிமையும் அதற்கு உண்டு. அதன் அடிப்படைக் கணிதமோ, நில அளவையாளர்கள் வயலில் பயன்படுத்தும் சென்ரிமீற்றர் துல்லிய ஜி.பி.எஸ். கருவிகளின் கணிதத்துக்கு மிக நெருக்கமானது. மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் இருந்தவை இந்த அளவைக் கருவிகளே.

இந்தக் கட்டத்தில் விரிவுரையாளர் அவர்களை 2010 ஏப்ரல் 10இல் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் இராணுவ விமானத்தளத்தருகே நடந்த விபத்தின் அறிக்கைகளைப் படிக்கச் செய்தார். அடர்ந்த பனிமூட்டத்தில் இறங்க முயன்ற போலந்து விமானப்படையின் டியு-154 விமானம் மரங்களில் மோதி, போலந்து ஜனாதிபதி உட்பட 96 பேர் இறந்தார்கள். அத்தளத்தில் ஐ.எல்.எஸ். இருக்கவில்லை; பழைய ராடர் முறையே இருந்தது. விமானம் சரிவில் இருந்து விலகியிருந்தபோதும் 'பாதையிலும் சரிவிலும் உள்ளீர்கள்' என்ற தகவல் தரையில் இருந்து கொடுக்கப்பட்டதாகப் போலந்து விசாரணைக் குழு எழுதியது. விபத்துக்குக் காரணங்கள் பல; அவற்றின் எடை பற்றிப் போலந்தும் ரஷ்யாவும் உடன்படவில்லை. ஆயினும், தவறான வேளையில் வரும் 'எல்லாம் சரி' என்ற செய்தி, செய்தியே வராததைவிட ஆபத்தானது என்பதை மாணவர்கள் அந்த வாசிப்பில்தான் உணர்ந்தார்கள்.

அதன் பிறகு விரிவுரையாளர் அவர்களின் முன்மொழிவின் முதற் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தார்: உங்கள் கருவி பிழைத்தால், அது பிழைத்தது என்று எத்தனை விநாடிகளில் யாருக்குத் தெரியும்? ஐ.எல்.எஸ். மையக்கோட்டுக் கதிர் எல்லை மீறிப் பிழைத்தால், முதலாம் வகையில் 10 விநாடிகளுக்குள்ளும் பார்வைத்தூரம் மிகக் குறைந்தபோது பயன்படும் மூன்றாம் வகையில் 2 விநாடிகளுக்குள்ளும் அதன் கண்காணிப்புக் கருவி அதை நிறுத்திவிட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. குழுவிடம், செய்மதிச் சமிக்ஞைகளைப் பெற்று இருப்பிடத்தைக் கணிக்கும் வாங்கிக் கருவிகள் இரண்டுக்கு மட்டுமே பணம் இருந்தது. ஒன்று தரை நிலையத்துக்கு, மற்றது விமானத்துக்கு. கண்காணிப்புக்கென மூன்றாவதை வாங்குவது பிற்போடப்பட்டது.

ஊரோடு பேசியது

கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னிப் பகுதியில் வானத்தில் கேட்கும் ஒலி வெறும் ஒலியல்ல. போர்க்காலத்தில் கிபிர் போர்விமானங்களின் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய தலைமுறையும், தலைக்கு மேல் 'வண்டு' என்று அழைக்கப்பட்ட ஆளில்லா வேவு விமானம் சுற்றும்போது அடுப்புப் புகையைக்கூட அணைத்த தலைமுறையும் இன்னும் இங்கேதான் வாழ்கின்றன. ஆய்வின் முதல் தலைப்பில் 'இராணுவ விமானம்' என்ற சொல் இருந்ததைக் கண்ட ஒரு மாணவியின் தாயார், தன் பிள்ளை இதில் சேர வேண்டாம் என்றார். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. விரிவுரையாளர் அவருடைய வீட்டுக்குச் சென்று, ஆய்வு எதற்காக, யாருடைய நன்மைக்காக என்று பொறுமையாக விளக்கினார். படிப்பது இராணுவ முறைகளை என்பதை அவர் மறைக்கவில்லை; செய்யப்போவது மருந்துப் பெட்டியை இறக்குவது என்பதையும் தெளிவாகச் சொன்னார். தாயார் உடன்பட்டார்.

அதன் பிறகு கிராம சேவையாளரின் உதவியோடு, கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. முதியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, இது படம் பிடிக்குமோ?" என்று கேட்டார். அவ்வேளை குழுவின் வடிவமைப்பில், தரையில் உள்ள அகச்சிவப்பு விளக்கைப் பார்த்து இறங்குவதற்கு ஒரு சிறிய கமரா இருந்தது. மாணவர் தலைவர், "பிடிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது ஐயா. அதைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவருவோம்" என்றார். சபையில் யோசிக்காமல் சொன்ன பதில் என்று சிலர் கருதினார்கள். என் கருத்தில் அந்த ஆய்வின் மிகச் சரியான முடிவு அது. பனிமூட்டத்திலும் கடும் மழையிலும் கமரா எப்படியும் குருடாகும். ஊரவரின் நம்பிக்கை போனால் எந்தக் கருவியும் அங்கே இறங்காது. பறக்கும் நாட்களையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவிப்பது, பாடசாலை விடும் நேரத்திலும் இரவிலும் பறக்காதிருப்பது என்பனவும் அங்கேயே உடன்படப்பட்டன.

ஆளில்லா விமானத்துக்குச் சட்டப்படி பெற வேண்டிய அனுமதிகள் கைக்கு வரக் காலம் எடுத்தது. காத்திருக்காமல் தரையில் சோதிக்கத் தொடங்கினார்கள்.

மாரிகாலச் சோதனைகள்

2023 கார்த்திகை, மார்கழி மாதங்களில் தரை நிலையத்தை ஒரு கொங்கிறீற்றுத் தூணில் நிறுத்தி, மற்ற வாங்கியை லாண்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில் கட்டி, குளக்கட்டு வீதியில் மேலும் கீழுமாக ஓட்டினார்கள். கொட்டும் மழையிலும் இருப்பிடம் சில சென்ரிமீற்றர்களுக்குள் நின்றது. இதில் வியப்பில்லை: ஜி.பி.எஸ். பயன்படுத்தும் 1575 மெகாஹேர்ட்ஸ் அளவிலான அலைகளை மழை மிகச் சிறிதே தடுக்கும். கட்டோரத்து மருத மரங்களின் நனைந்த இலைகளுக்குக் கீழே மட்டும் செய்மதிகள் சில மறைந்தன. இறங்கும் இடத்தைத் திறந்த வெளியில் வைத்தால் அது தீரும்.

உயரத்தை அளக்கப் பொருத்திய லேசர் கருவி வேறுவகையில் ஏமாற்றியது. நீர் நிறைந்த வயலின் மேல் லேசர் புள்ளி சாய்வாகப் பட்டால், அசையாத நீர்ப்பரப்பு அதை வேறு திசையில் தெறித்துவிடுகிறது. கருவிக்கு எதிரொலி கிடைப்பதில்லை. வெள்ளத்துக்காகவே செய்யும் ஒரு விமானத்துக்கு இது பெரிய குறை. ஆனால் ஜி.பி.எஸ். இவ்வளவு நன்றாக இருக்கும்போது உயரத்தையும் அதிலிருந்தே எடுக்கலாம் என்று குழு எண்ணியது. மாரி முடியும்போது அவர்களின் தன்னம்பிக்கை உச்சத்தில் இருந்தது.

பங்குனி மாலையில் கண்டது

2024 பங்குனியில், நீண்டநேரப் பதிவுக்காக, உயரம் துல்லியமாக அளக்கப்பட்ட ஒரு கம்பத்தின் உச்சியில் வாங்கியைப் பொருத்தி இரவும் ஓடவிட்டார்கள். மழை இல்லை, காற்றும் இல்லை, வானம் தெளிந்திருந்தது. பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் கழிந்ததும் செய்மதிச் சமிக்ஞைகளின் வலு நடுங்கத் தொடங்கியது. சில செய்மதிகள் அறுந்து மீண்டும் வந்தன. கருவி துல்லிய நிலையை இழந்தது. சிறிது நேரத்தில் அதை மீண்டும் பெற்றுவிட்டதாகப் பச்சை விளக்கைக் காட்டியது. ஆனால் அப்போது அது தந்த உயரம், கம்பத்தின் உண்மை உயரத்தில் இருந்து ஒரு மீற்றருக்கு மேல் விலகியிருந்தது. பச்சை விளக்கு எரிந்தபடியே அந்தப் பிழை பல நிமிடங்கள் நீடித்தது. பின்னர் தானாகவே சரியானது.

வாங்கி கம்பத்தில் இல்லாமல் இறங்கும் விமானத்தில் இருந்திருந்தால், தரை இன்னும் கீழே உள்ளது என்று எண்ணி வேகம் குறையாமல் மோதியிருக்கும், அல்லது தரைக்கு மேலேயே மோட்டாரை நிறுத்தியிருக்கும். கண்காணிக்க யாரும் இல்லாத அந்தப் பச்சை விளக்கு, ஸ்மோலென்ஸ்க் அறிக்கையில் அவர்கள் படித்த அதே வகைத் தகவல் என்பதை மாணவர் தலைவர் பதிவேட்டில் அன்றிரவே எழுதி வைத்தார்.

காரணம் தேடியது

முதலில் இணைப்புக் கம்பி, மின்கலம், அருகில் உள்ள தொலைபேசிக் கோபுரம் ஆகியவற்றைச் சந்தேகித்தார்கள். தொழில்நுட்ப உதவியாளர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். இரண்டு வாங்கிகளையும் இடம் மாற்றியும் அதே தடுமாற்றம் வேறு மாலைகளில் வந்தது, காலையில் வரவில்லை. வேளையோடு இவ்வளவு ஒத்துப்போகும் பிழை கருவிக்குள் இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்த பிறகே அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

பூமியின் காந்தப்புலம் தரைக்குச் சமாந்தரமாக இருக்கும் காந்த நடுக்கோட்டுக்கு இலங்கை மிக அருகில் உள்ளது. அந்தக் கோடு கடக்கும் இடம் என்பதற்காகவே திருவனந்தபுரத்துக்கு அருகில் தும்பாவில் ஏவுதளம் அமைத்து 1963 நவம்பர் 21இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவியது. இந்தப் பகுதியில் பொழுதுபட்டதும், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனமண்டலத்தின் அடியில் இருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலெழுகின்றன. அவற்றின் ஊடாக வரும் செய்மதிச் சமிக்ஞை, வெந்நீருக்கு மேலாகத் தெரியும் விளக்கைப் போல நடுங்கும். இரவும் பகலும் சமமாகும் பங்குனி, புரட்டாதி மாதங்களை ஒட்டியும், சூரியச் செயற்பாடு கூடிய ஆண்டுகளிலும் இது வலுக்கும். 2024 அத்தகைய ஆண்டு.

நடுக்கம் ஏன் பொய்யான உயரமாக மாறுகிறது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். சென்ரிமீற்றர் துல்லியம் கிடைப்பது, ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர் நீளமுள்ள அலைகளை முழு எண்ணிக்கையில் கணிப்பதால். சமிக்ஞை அறுந்தால் எண்ணிக்கை தொலைகிறது. மீண்டும் எண்ணும்போது சில செய்மதிகளுக்குத் தவறான முழு எண் பொருந்திவிடலாம். அந்தத் தவறான விடையும் கணிதரீதியாக ஒழுங்காகத் தோன்றினால் கருவி அதை ஏற்றுக்கொள்கிறது. செய்மதிகள் எல்லாம் மேலே மட்டும் இருப்பதால், பிழை பெரும்பாலும் உயரத்தில்தான் கூடுதலாக விழும். இந்தியா விமானங்களுக்காக அமைத்த ககன் செய்மதித் திருத்த முறையில், அயனமண்டலத்துக்கெனத் தனியான கணித மாதிரி ஒன்றை அவர்கள் உருவாக்க வேண்டியிருந்ததும் இந்த அகலாங்கின் குணத்தாலேயே.

எடுக்கப்பட்ட முடிவுகள்

ஒவ்வொரு செய்மதியின் சமிக்ஞையையும் பல மீடிறன்களில் பெறும், விலை கூடிய பல்மீடிறன் வாங்கியை வாங்கினால் போதும் என்று ஒரு மாணவர் வலியுறுத்தினார். அவர் வாதத்தில் உண்மை இருந்தது. அத்தகைய வாங்கி தடுமாறுவது குறைவு. ஆனால் அது தடுமாறும் அந்த ஒரு வேளையில் அதை யார் சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஆகவே இருந்த பணம் கண்காணிப்புக்குச் செலவிடப்பட்டது. நானும் அதையே ஆதரித்தேன்.

இறங்குதளத்தின் அருகே, இடம் அறிந்த கம்பத்தில் மூன்றாவது வாங்கி நிறுத்தப்பட்டது. அதன் கணிப்பு உண்மை இடத்தில் இருந்து உயரத்தில் அரை மீற்றருக்கு மேல் விலகினால், 'பயன்படுத்தாதே' என்ற செய்தி விமானத்துக்குச் செல்லும். ஒழுங்காக இருந்தால் ஒவ்வொரு விநாடியும் 'சரி' என்ற செய்தி செல்லும். ஐந்து விநாடிகள் எந்தச் செய்தியும் வராவிட்டால் விமானம் மேலெழும். ராடர் கட்டுப்பாட்டாளர்களின் அந்தப் பழைய விதி இங்கே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளப்பட்டது.

இதுவும் முழுமையல்ல. கண்காணிப்பு வாங்கி சரியாக இருக்கும் அதே நொடியில் விமானத்தின் வாங்கி மட்டும் தவறாக எண்ணலாம். எனவே செய்மதியைச் சாராத ஓர் உயர அளவை தேவைப்பட்டது. லேசர் நீரில் தோற்றிருந்தது. கமராவை ஊருக்குக் கொடுத்த வாக்கு விலக்கியிருந்தது. 24 கிகாஹேர்ட்ஸ் அலையில் இயங்கும் சிறிய ராடர் உயரமானி தெரிவானது. சில பத்து மீற்றர் தொலைவில் மழை அதைப் பெரிதாகப் பாதிக்காது. நீர்ப்பரப்பு நல்ல எதிரொலியைத் தரும். 15 மீற்றர் உயரம் முடிவெடுக்கும் உயரமாக வைக்கப்பட்டது. அவ்விடத்தில் ராடர் உயரமும் ஜி.பி.எஸ். உயரமும் ஒத்துப்போகாவிட்டால் இறக்கம் கைவிடப்படும்.

தொடர்ந்து நடந்தவை

அனுமதி கிடைத்த பின் பகல் நேரத்தில் பறக்கவிடப்பட்ட விமானம், லேசான மழையிலும் இறங்குதளத்தின் நடுவில் இறங்கியது. ஒரு தடவை, மழைநீர் புகுந்த இணைப்பியால் 'சரி' செய்திகள் நின்றன. விமானம் பாதி வழியில் மேலெழுந்து மாற்று இடத்தில் இறங்கியது. பார்த்துநின்ற சிலர் அதைத் தோல்வி என்றார்கள். கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த மாணவிக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இரவுப் பறப்புக்கு அனுமதியும் இல்லை, ஊரோடு செய்த உடன்பாடும் அதற்கு இடந்தரவில்லை. ஆகவே 2024 புரட்டாதி மாலைகளில் முழு அமைப்பும் கம்பத்தில் கட்டப்பட்டு, இறங்குவதுபோலக் கணினியை மட்டும் இயக்கிச் சோதிக்கப்பட்டது. நடுக்கம் வந்த வேளைகளில் பெரும்பாலும் கண்காணிப்பு வாங்கியே முதலில் எச்சரித்தது. ஒரு மாலையில் அது சரி என்றே சொல்லிக்கொண்டிருக்க, ராடர் உயரமானி மட்டுமே முரண்பாட்டைக் காட்டியது. கணினி இறக்கத்தைக் கைவிட்டது. இரண்டு காவல்களும் தேவை என்ற முடிவுக்கு அந்த ஒரு பதிவே போதுமான சான்றாக அமைந்தது.

முடிவுகளைக் கேட்ட சுகாதாரத்துறை அலுவலர் ஒருவர், பொழுதுபட்ட பிறகு இது எத்தனை நாள் இறங்க மறுக்கும் என்று கேட்டார். வாக்களிக்கக்கூடிய எண் எதுவும் குழுவிடம் இல்லை. இல்லை என்றே சொன்னார்கள். சேவைக்கு எடுத்துக்கொள்ளும் முடிவு பிற்போடப்பட்டது. காலை நேரத்தில் மாதிரிகளைக் கொண்டுசெல்லும் வரையறுத்த முயற்சி ஒன்றைப் பிறகு பேசலாம் என்று அவர் கூறினார். இன்றுவரை, வெள்ளம் வந்தால் அக்கிராமங்களுக்கு மருந்து போவது படகிலும் உழவு இயந்திரத்திலுமே.

அடுத்த குழு செய்ய வேண்டிய மாற்றங்கள்

கண்காணிப்பு வாங்கியை முதல் நாளிலேயே நிறுத்த வேண்டும். பணம் இரண்டு வாங்கிகளுக்கு மட்டும் இருந்தால், விமானத்தைப் பிற்போட்டு, இரண்டையும் தரையில் வைத்து ஓர் ஆண்டு பதிவு எடுப்பது மேல். சோதனைக் காலத்தை மாரிக்கு மட்டும் ஒதுக்கியதால், மழை இல்லாத வானமும் தரையிறக்கத்துக்குக் கெட்ட வானிலையாகும் என்பது தற்செயலான இரவுப் பதிவு ஒன்றினால்தான் தெரியவந்தது. பங்குனி, புரட்டாதி மாலைகள் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். பிழைகளை எழுதும்போது வானிலையோடு உள்ளூர் நேரத்தையும் பதிவுசெய்யும் பழக்கம் தொடக்கத்தில் இருந்தே வேண்டும்.

ஊர்க் கூட்டத்தை வடிவமைப்பு முடியும் முன்னர் நடத்தியது அப்படியே தொடர வேண்டும். இணைப்பிகள் அனைத்தும் நீர்புகா வகைக்கு மாற்றப்பட்டுள்ளன. வெள்ளம் நின்ற வயலின் மேல் ராடர் உயரமானியை, காற்றால் அலையெழும் நீரிலும் அசையாத நீரிலும் தனித்தனியே சோதிக்கும் வேலை இன்னும் செய்யப்படவில்லை. கம்பமும் அதன் பதிவுக் கருவியும் அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. மாரி தொடங்கியதும் அவர்கள் முதலில் செய்யப்போவது அந்தச் சோதனையே.